இருபத்து மூன்றாவது நூறு

இருபத்து இரண்டாவது சீட்டைப் பிரித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் வேலை பார்க்கும் கிளினிக்கின் பல் டாக்டர் எழுதியது. மருந்துச் சீட்டில் கோழி கிளறியதுபோல் எழுதுகிற மனுஷர், இதில் மட்டும் ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியாக உட்கார வைத்திருந்தார். 'என் நூறு கிலோமீட்டரில் எதையுமே நினைக்காதே. அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்கும் தெரியட்டும்.' காலை ஆறே முக்கால் மணி. சாலையோரத்தில் வண்டியைச் சாய்த்து நிறுத்தியிருந்தேன். இரண்டு பக்கமும் உப்பளம், அதன் மேல் முழங்கால் உயரத்துக்குப் பனி, நடுவில் ஸ்கேல் வைத்துக் கிழித்த கோடாகச் சாலை. வளைவு கிடையாது, மரம் கிடையாது, எதிரே ஒரு வண்டி கிடையாது. எதையும் நினைக்காமல் இருக்க இதைவிட நல்ல இடம் அமையாது என்று நினைத்தேன். நினைத்துவிட்டேனே என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

இந்தச் சீட்டு விவகாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அன்றைக்கு நான் செய்தது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். சொன்ன பிறகும் அப்படித்தான் தெரியும், அது வேறு விஷயம்.

நாங்கள் ஐந்து பேர். வருஷத்துக்கு ஒரு தடவை எட்டு நாள் லீவு போட்டுவிட்டு ஆளுக்கொரு பைக்கில் மூவாயிரம் கிலோமீட்டர் போவோம், ஏதாவது ஒரு நல்ல காரியத்துக்குப் பணம் திரட்ட. மற்ற கோஷ்டிகள் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கேட்பார்கள். நாங்கள் நூறு நூறாக விற்போம். போகிற வழியை ஒரு பெரிய மேப்பில் முப்பது துண்டாகப் பிரித்து மாட்டிவிடுவோம். பிடித்த துண்டைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். வாங்குகிறவருக்கு ஓர் உரிமை உண்டு. அந்த நூறு கிலோமீட்டரும் ஓட்டுகிறவர் எதை நினைத்துக்கொண்டு போக வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதித் தரலாம். சீட்டை மடித்து, பின் அடித்து, மேலே எண் போட்டு, அவரவர் வண்டியின் பெட்ரோல் டேங்க் மேல் மாட்டிய பையில் வரிசையாக வைத்துவிடுவார்கள். யார் எந்த நூறை வாங்கினார்கள் என்று ஓட்டுகிறவருக்குச் சொல்ல மாட்டார்கள். அந்த நூறு தொடங்குகிற இடத்தில் நின்று சீட்டைப் பிரித்துப் படித்து, மீட்டரைப் பூஜ்யத்துக்குத் திருப்பிவிட்டுக் கிளம்ப வேண்டும். நூறு முடிந்ததும் வண்டியை ஓரங்கட்டிச் சீட்டின் பின்பக்கம் கையெழுத்துப் போட வேண்டும். ஊர் திரும்பியதும் சீட்டை எழுதினவரிடமே கொடுத்துவிடுவோம். நீ சொன்னதை நினைத்துக்கொண்டுதான் போனேன் என்பதற்கு அந்தக் கையெழுத்து ஒன்றுதான் அத்தாட்சி. ஹெல்மெட்டுக்குள் என்ன ஓடுகிறது என்று வேறு யாருக்குத் தெரியும்? யாருக்கும் தெரியாது என்பதாலேயே எங்களில் ஒருத்தரும் இதுவரை பொய்க் கையெழுத்துப் போட்டதில்லை.

ஜனங்கள் என்னென்னவோ எழுதுவார்கள். தையல்காரம்மா ஒருத்தி 'என் வீட்டு ஓனரைத் திட்டிக்கொண்டே போ' என்று எழுதியிருந்தாள். திட்டுவதற்கு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் நாற்பதாவது கிலோமீட்டரில் கைவசம் இருந்த வசவெல்லாம் தீர்ந்துபோய், அறுபதில் அந்த ஆள்மேல் பரிதாபமே வந்துவிட்டது. பேங்க் வாட்ச்மேன் ஒருவர் 'என் வீட்டுக்காரிக்கு என்ன வாங்கித் தந்தால் சிரிப்பாள் என்று யோசி' என்று கேட்டிருந்தார். நான் பல்செட் செய்து கொடுத்த பெரியவர் 'முழு ஆப்பிளை நறுக்காமல் கடிப்பதை நினைத்துக்கொள்' என்று எழுதியிருந்தார். அந்த நூறு முழுக்க எனக்கு எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது.

ஆமாம், பல்செட் செய்வதுதான் என் பிழைப்பு. கிளினிக்கின் பின்பக்கம் ஜன்னல் இல்லாத ஓர் அறை. மெழுகில் ஈறு பிடித்து, அதில் பல்லை ஒவ்வொன்றாக நட்டு, மேல் தாடையையும் கீழ்த் தாடையையும் மூடித் திறந்து கடி சரியாக உட்காருகிறதா என்று பார்ப்பேன். பத்தொன்பது வருஷமாக இதே வேலை. ஊரில் பாதிப் பேரை முகத்தை வைத்து எனக்குத் தெரியாது, வாயைத் திறந்தால் தெரியும். எங்கள் கூட்டத்தில் எனக்குப் பல்லக்கா என்று பெயர். எங்கள் தலைவி ஸ்கூல் வேன் ஓட்டுகிறவள். அவள் குரலுக்காக அவளுக்கு ஹாரன் என்று பெயர் வைத்தோம். இந்தச் சீட்டு ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவளும் அவள்தான்.

இந்த வருஷம் எதற்காக என்று கேட்டபோது நான் முந்திக்கொண்டேன். பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு கூடம் கட்ட வேண்டும், இருபது கட்டில், இரண்டு பாத்ரூம், மூடினால் மூடுகிற ஒரு கதவு. ஆஸ்பத்திரியில் நோயாளிக்குக் கட்டில் உண்டு, டாக்டருக்கு அறை உண்டு, நர்ஸுக்கு நாற்காலியாவது உண்டு. கூட இருக்கிறவர்களுக்கு மட்டும் வராந்தா தரைதான். அதைக் கழுவ ஆள் வந்தால் அதுவும் இல்லை. இவ்வளவு ஆவேசம் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது சொல்லி மழுப்பியிருப்பேன்.

சரி, உப்பளத்துக்கு வருகிறேன். மீட்டரைப் பூஜ்யமாக்கிவிட்டுக் கிளம்பினேன். முதல் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் மனசு சந்தைக்கடையாகத்தான் இருந்தது. பின் டயரில் காற்று போதுமா, அடுப்பை அணைத்தோமா, டாக்டருக்கு அப்படி என்ன நினைப்பு, பாவம். ஒவ்வொன்றையும் போ போ என்று விரட்டினேன். விரட்டுவதும் ஒரு நினைப்புதான் என்று புரிந்ததும் விரட்டுவதை விட்டுவிட்டேன். அப்புறம் விளக்குக் கம்பங்களை எண்ணினேன். எண்ணிக்கை எங்கேயோ நழுவியது. எடுக்கப் போகவில்லை. பனி மெல்ல ஏறி என் இடுப்பு வரை வந்தது. சக்கரம் தெரியவில்லை, சாலை தெரியவில்லை, கையுறைக்குள் இரண்டு கைகள் மட்டும் யாருடையவோபோல் முன்னால் நீண்டிருந்தன. எஞ்சின் சத்தம் முதலில் காதில் இருந்தது, பிறகு நெஞ்சில் இருந்தது, பிறகு எங்கும் இல்லை. வெள்ளை வந்துகொண்டே இருந்தது. வெயில் எப்போது வந்தது என்று தெரியாது. வெள்ளை மஞ்சளானது, மஞ்சள் மறுபடி வெள்ளையானது. பசி இல்லை, வயசு இல்லை, யாருக்கும் நான் எதுவும் இல்லை. பிரேக் தேவைப்பட்ட இடத்தில் கால் தானாக அழுத்தியிருக்க வேண்டும், கியர் தானாக மாறியிருக்க வேண்டும். சத்தியமாகச் சொல்கிறேன், என் ஆயுசில் அவ்வளவு சுகமாக நான் இருந்ததில்லை.

"பல்லக்கா! ஏ பல்லக்கா! நில்லுங்கக்கா!"

ஹாரன் சாலைக்கு நடுவிலேயே வந்து கையை வீசிக்கொண்டு நின்றாள். எங்கள் அடுத்த கூடுமிடமான பெட்ரோல் பங்க் வந்திருந்தது. வண்டியை உள்ளே திருப்பி நிறுத்தினேன். ஹெல்மெட்டைக் கழற்றியதும் உலகத்துச் சத்தமெல்லாம் ஒரேயடியாக உள்ளே விழுந்தது.

"கூப்பிடக் கூப்பிட நேராப் போறீங்களே, கனவு கினவு கண்டீங்களா? மத்தவங்க மூணு பேரும் டீ குடிச்சுட்டுக் கிளம்பியாச்சு. சீட்டுல அப்படி என்னதான் எழுதியிருந்துச்சு?"

"ஒண்ணும் நினைக்காதேன்னு."

"நினைக்கலையா?"

"நினைக்கல."

"அடேங்கப்பா! நூறு கிலோமீட்டரா? முனிவர் தோத்தாரு போங்க. சரி, அதுக்கு அடுத்ததுல என்ன?"

அடுத்தது. குனிந்து மீட்டரைப் பார்த்தேன். இருநூற்று ஒன்று. டேங்க் மேல் இருந்த பையைத் திறந்தேன். இருபத்து மூன்று என்று எழுதின சீட்டு, அடித்த பின்னோடு அப்படியே, நலுங்காமல் இருந்தது. நூறில் நிற்க வேண்டியவள், நிற்காமல், பிரிக்காமல், யாரோ காசு கொடுத்து வாங்கின நூறு கிலோமீட்டரை முழுசாகத் தூங்கிக் கடந்து வந்திருக்கிறேன். ஹாரன் மீட்டரைப் பார்த்தாள், சீட்டைப் பார்த்தாள், வாயைத் திறந்து உடனே மூடிக்கொண்டாள். அவள் வாய் மூடி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பின்னைப் பிரித்தேன். கையெழுத்தைப் பார்த்ததுமே என் கை நின்றுவிட்டது. இடது பக்கம் சாய்ந்து, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கிற எழுத்து. சின்ன வயசில் என் நோட்டுக்கெல்லாம் அட்டை போட்டு அந்த எழுத்தில்தான் என் பேரை எழுதித் தருவான். என் அண்ணன்.

'அம்மா போன அன்னிக்கு நாலரை மணிக்கு வர வேண்டியவன் ஏன் ஆறு மணிக்கு வந்தான்னு நீ இன்னி வரைக்கும் கேக்கல. இந்த நூறுல அதை யோசிச்சுக்கிட்டே வா. முடிஞ்சதும் கேளு.'

பங்க்கில் ஒரு பெஞ்ச் இருந்தது. உட்கார்ந்துவிட்டேன்.

ஆறு வருஷம் ஆகிறது. அம்மா பதினேழு நாள் அந்த ஆஸ்பத்திரியில் இருந்தாள். ராத்திரி எட்டு மணியிலிருந்து விடிகாலை நாலரை வரைக்கும் நான். அண்ணனுக்கு அச்சகத்தில் ராத்திரி ஷிஃப்ட். மூன்று மணிக்கு முடித்துவிட்டு நாலரைக்கு வந்து என்னை மாற்றிவிடுவான், நான் வீட்டுக்குப் போய் இரண்டு மணி நேரம் படுத்துவிட்டுக் கிளினிக்குக்குப் போவேன். பதினாறு நாள் அப்படித்தான் ஓடியது. பதினேழாவது நாள் நாலரை ஆயிற்று, அவன் வரவில்லை. ஐந்து ஆயிற்று. எனக்கு நிற்க முடியவில்லை. சுவர் என்னை நோக்கி வந்து வந்து போனது. ஐந்தே காலுக்கு நர்ஸிடம் பத்து நிமிஷம் என்று சொல்லிவிட்டு, மூஞ்சி கழுவக் கீழே இறங்கினேன். வாகனம் நிறுத்துகிற இடத்தில் என் வண்டி நின்றுகொண்டிருந்தது. இதே வண்டிதான். சீட்டில் உட்கார்ந்து டேங்க்கின் மேல் தலையை வைத்தேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

தோளைப் பிடித்து உலுக்கி எழுப்பியது அண்ணன். "தூங்கிட்டியா?" என்றான். ஒரு வார்த்தை, அவ்வளவுதான். அதட்டலாகக்கூடச் சொல்லவில்லை. மேலே போனால் அம்மாவின் முகம் வரை துணியை இழுத்துவிட்டிருந்தார்கள். பக்கத்தில் யாருமே இல்லாமல் போயிருக்கிறாள். அவளுக்கு நான் செய்து போட்ட பல்செட் என் சட்டைப் பையில் ஒரு கைக்குட்டைக்குள் இருந்தது. துணியை விலக்கினால், அது இல்லாமல் வாய் உள்ளே போய், யாரோ ஒரு கிழவி படுத்திருந்தாள். "பல்லை வச்சுடு," என்று அண்ணன் சொன்னான். அவன் தாடையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டான், நான் மேல் செட்டை முதலில் வைத்தேன், பிறகு கீழ் செட். வைத்ததும் அம்மா அம்மாவாகிவிட்டாள். அண்ணனும் நானும் சேர்ந்து செய்த கடைசிக் காரியம் அது. அப்புறம் சண்டையும் இல்லை, சச்சரவும் இல்லை. பேச்சுதான் இல்லை. அண்ணி போன் செய்வாள், நல்லது கெட்டது சொல்வாள், பின்னால் டிவி ஓடும். டிவியைப் பார்த்துக்கொண்டு இருக்கிறான் என்று தெரிந்துகொள்வேன்.

ஏன் கேட்கவில்லை? அச்சகத்தில் வேலை இழுத்திருக்கும் என்று நானே ஒரு காரணத்தைச் செய்து வைத்துக்கொண்டேன். தூங்கினவள் நான். தூங்கினவளுக்கு மற்றவர்களைக் கேள்வி கேட்க என்ன அருகதை இருக்கிறது? அந்த ஒரு வார்த்தையை ஆறு வருஷமாகத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறேன். இப்போது அவன் கேள் என்கிறான், நான் அதையும் தூங்கித் தாண்டி வந்திருக்கிறேன். எனக்கு அழுகையும் வந்தது, வெட்கங்கெட்ட சிரிப்பும் வந்தது.

ஹாரன் ஒரு தம்ளர் டீயைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். சீட்டை நீட்டினேன். படித்துவிட்டு மடித்துக் கொடுத்தாள்.

"உங்க அண்ணனா அவரு? மேப்பு முன்னாடி ரொம்ப நேரம் நின்னாரு அக்கா. வளைவே இல்லாத நூறு எதுன்னு கேட்டாரு. இதைத்தான் காட்டினேன்."

"அடுத்த நூறு எப்படி?"

"மலையேத்தம். அறுபது வளைவு. யோசிச்சுக்கிட்டு ஓட்டுற ரோடு இல்லக்கா அது." டீத் தம்ளரை என் பக்கம் நகர்த்தினாள். "சீட்டு ரூல் போட்டவ நான்தான். நானே சொல்றேன், பேசாம கையெழுத்தைப் போட்டுட்டு வாங்க. இப்ப உக்காந்து யோசிச்சாச்சு இல்ல? யாருக்குத் தெரியப் போகுது?"

"அவனுக்கா நான் பொய்க் கையெழுத்துப் போடறது?"

"அப்ப?"

"திரும்பிப் போறேன். நூறு போயி, அங்கேருந்து ஆரம்பிச்சு நூறு வரேன்."

"இதுவரைக்கும் யாருமே திரும்பிப் போனதில்ல."

"யாருமே இப்படித் தூங்கினதும் இல்ல."

ஹாரன் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு மலை அடிவாரத்தில் காத்திருக்கிறவர்களுக்குப் போன் போட்டு, நீங்கள் போங்கள், நாங்கள் சாயங்காலம் வந்து சேருகிறோம், ஏன் எதற்கு என்று கேட்டால் உதைப்பேன் என்றாள். எனக்கு வரிசை இல்லாத பெட்ரோல் பம்ப்பைக் காட்டி, டேங்க்கை நிரப்பச் சொன்னாள்.

அண்ணன் நம்பர் என்னிடம் இருந்தது. ஆறு வருஷமாக நான் அழுத்தாத நம்பர். மணி பத்து. ராத்திரி ஷிஃப்ட்காரன் இந்நேரம் படுத்திருப்பான். சரி, அண்ணி எடுத்தால் வைத்துவிடலாம் என்றுதான் அழுத்தினேன். அவனே எடுத்தான்.

"அண்ணா."

மூச்சுதான் வந்தது.

"தூங்கிட்டியா?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் உறைத்தது. உலகத்தில் எனக்கு வேறு வார்த்தையே அகப்படவில்லை பாருங்கள்.

"இல்ல. சொல்லு."

"உன் நூறைத் தாண்டி வந்துட்டேன்ணா. சீட்டைப் பிரிக்காமலே. வேணும்னு செய்யல. அதுக்கு முந்தின சீட்டுல ஒண்ணும் நினைக்காதேன்னு இருந்துச்சு, அப்படியே போயிட்டேன்."

"சரி."

"திரும்பிப் போய் முதல்லேருந்து ஓட்டப் போறேன். இப்பக் கேக்க மாட்டேன், முடிச்சுட்டுத்தான் கேப்பேன். மூணரை மணி நேரமாவது ஆகும். நீ படுத்து எழுந்திரு. நான் சாயங்காலமாப் பேசறேன்."

"இல்ல. முழிச்சிருக்கேன்."

நான் போனை வைக்கவில்லை. அவனும் வைக்கவில்லை. அந்தப் பக்கம் எங்கேயோ குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

"மெதுவாப் போ பாப்பா," என்றான்.

பாப்பா. நாற்பத்து மூன்று வயசில், முட்டிவலிக்குப் பட்டை கட்டிக்கொண்டு நிற்கிறவளைப் பாப்பா என்கிறான். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். ஹெல்மெட்டுக்குள் அழுவதில் ஒரே ஒரு சங்கடம், மூக்கைத் துடைத்துக்கொள்ள முடியாது.

வந்த வழியே போனேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அது நான் வந்த வழியாகத் தெரியவில்லை. ஒரு பாலம் இருந்தது, இரும்புப் பாலம், குறைந்தது அரைக் கிலோமீட்டர் நீளம். அதில் ஏறியபோது சக்கரத்துக்குக் கீழே தகடுகள் தடதடவென்று அதிர்ந்தன. இவ்வளவு பெரிய பாலத்தைத் தாண்டியா வந்தேன்? மஞ்சள் பெயின்ட் அடித்த ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. வேகத்தடை இரண்டு இருந்தது. சாலையோரத்து லாட்ஜ் ஒன்றின் முற்றத்தில் நாலு வரிசைக் கயிறு கட்டி, ஒரு பெண் வெள்ளைப் படுக்கை விரிப்புகளை உலர்த்திக்கொண்டிருந்தாள். ஐம்பது, அறுபது இருக்கும். அத்தனையும் காற்றில் எழுந்து எழுந்து அடங்கின. ஒன்றைக்கூட நான் பார்த்த ஞாபகம் இல்லை. கண் திறந்திருந்தது, கை பிடித்திருந்தது, ஆள் மட்டும் இல்லை. பயமாக இருந்தது. அன்றைக்கு ஆஸ்பத்திரியிலும் இப்படித்தானே போயிருக்கும், இதைப் போய் இவ்வளவு நாள் குற்றம் என்று சொல்லிக்கொண்டிருந்தேனே என்றும் இருந்தது. உடம்பு ஒரு கட்டத்தில் நம்மைக் கேட்பதில்லை.

சரியாக நூறில் நிறுத்தினேன். உப்புக் குவியல் ஒன்றின் மேல் கறுப்புத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்த இடம். இதையும் காலையில் பார்க்கவில்லை. வண்டியைத் திருப்பி, சீட்டை மறுபடி ஒரு தடவை படித்து, மீட்டரைப் பூஜ்யமாக்கினேன்.

ஏன் வந்தான் ஆறு மணிக்கு? முதலில் என் பழைய காரணத்தையே எடுத்தேன். வேலை இழுத்துவிட்டது. அப்படியென்றால் அதைச் சொல்ல எதற்கு ஆறு வருஷம்? அதைத் தள்ளிவிட்டேன். வண்டி பஞ்சராகியிருக்கும். மழை பெய்ததா அன்றைக்கு? இல்லை. குழந்தைக்கு உடம்பு சரியில்லாமல் இருந்திருக்கும். அண்ணி சொல்லியிருப்பாளே. மெழுகில் பல்லை நட்டு மூடிப் பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றாக நட்டு நட்டுப் பார்த்தேன், எதுவும் கடிக்கு உட்காரவில்லை. வெயில் உப்பின் மேல் விழுந்து கண்ணைக் கூசவைத்தது. தூரத்தில் சாலை தண்ணீராக மினுங்கி, நான் கிட்டப் போகப் போகச் சாலையாகிவிட்டது. வேலை முடிந்து மூன்று மணிக்கு அச்சகத்தை விட்டு வெளியே வருகிற என் அண்ணனை அந்த மினுங்கலில் பார்த்தேன். கை முழுக்க மை. பதினாறு நாள் தூங்காத கண். அவனுக்கு மட்டும் எங்கே கட்டில் போட்டிருந்தார்கள்? காகிதக் கட்டுகளுக்கு நடுவில் அவன் கொஞ்சம் உட்காருகிறான். உட்காராதே என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது. பிறகு, உட்கார்ந்துகொள் என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது. லாட்ஜ் பெண் விரிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள். வண்டிச் சத்தத்துக்குத் தலையைத் தூக்கி, இவள் இன்னும் எத்தனை தடவைதான் போவாள் என்பதுபோல் பார்த்து, கையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன்.

காலையில் வாய்த்த சுகம் வரவில்லை. இது வேறு. பாலத்தில் தகடுகளை எண்ணாமலே கேட்டேன். வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கினேன். பள்ளிக்கூடத்தில் மணி அடித்தார்கள். எண்பதில், தொண்ணூறில், இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டது அண்ணனுக்காக இல்லை, எனக்காகத்தான் என்று தெரிந்துவிட்டது. அவனிடம் ஒரு பதில் இருந்துவிட்டால் என் குற்றத்தில் பாதியை அவன் எடுத்துக்கொண்டு போய்விடுவான். அம்மாவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அது ஒன்றுதான் என்று நினைத்து, கொடுக்க மனசில்லாமல் வைத்திருந்திருக்கிறேன். நல்ல சொத்து சேர்த்தாய் போ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மீட்டரில் நூறு விழுந்தபோது பங்க்கின் வாசலில் இருந்தேன். எஞ்சினை அணைத்தேன். மணி ஒன்றே முக்கால். ஹாரன் அதே பெஞ்சில் கால் நீட்டிப் படுத்திருந்தாள், ஹெல்மெட் வயிற்றின் மேல். குறட்டை மெலிதாக வந்தது. அந்தத் தொண்டைக்குள்ளிருந்து இவ்வளவு சின்னச் சத்தம் வருமா என்று ஆச்சரியமாக இருந்தது. பெஞ்சுக்கு மேலே இருந்த கூரையின் நிழல் நகர்ந்துபோய், வெயில் அவள் கன்னம் வரைக்கும் வந்திருந்தது. சீட்டின் பின்பக்கம் கையெழுத்துப் போட்டேன். நம்பரை அழுத்தினேன். ஒரு ரிங் முழுசாக அடிக்கவில்லை, எடுத்துவிட்டான்.

"முடிச்சுட்டேன்ணா."

"ம்."

"அன்னிக்கு ஏன்ணா லேட்டா வந்தே?"

கேட்டுவிட்டேன். இவ்வளவுதானா இது? நாலு வார்த்தை. வெயில் ஹாரனின் இமை மேல் ஏறியது. அவள் தூக்கத்திலேயே முகத்தைச் சுளித்தாள். நான் இரண்டு எட்டு நகர்ந்து, என் நிழல் அவள் முகத்தில் விழுகிற மாதிரி நின்றுகொண்டேன்.

"அலாரம் அடிச்சுது பாப்பா. அணைச்சுட்டு மறுபடி படுத்துட்டேன்," என்றான் அண்ணன்.

நான் போனைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, நிழல் அசங்காமல் நின்றேன்.